நடுகல்லுக்கு அடியில் தங்கம் இல்லை



சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) டிவியில் பார்த்தேன். கௌபாய் லாரன்ஸ் சிரிக்க வைக்கிறார். நூற்றுக்கு நாற்பது போடலாம். புதையல் படமென்றாலே வரைபடம், குகை, புதிர்தான். அடுத்த காட்சியை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

“பொழுதுபோக்குதானே சார்” என்பீர்கள். பழைய கல்லைக் கண்டால் அடியில் தங்கம் இருக்கும் என்ற நினைப்பை வளர்ப்பதும் இந்தப் பொழுதுபோக்குதான். அந்தப் பேராசையில்தான் நம் பக்கத்து நடுகற்களையும் கல்திட்டைகளையும் தோண்டிச் சாய்க்கிறார்கள்.

ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்கு, வட்டெழுத்தில் பெயர் வெட்டி நட்ட கல் அது. அந்த எழுத்துதான் புதையல். தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். ஊரில் யாராவது கடப்பாரையோடு நடுகல் பக்கம் போனால், உடனே வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.