ஊராட்சிக்கும் ஒரு காத்தாடி

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஸ்கூட்டரில் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: வண்டியை ஓட்டுவது பாதி அவர்கள், பாதி காற்று. அடுத்துள்ள முப்பந்தலில் காத்தாடி இறக்கைகளின் நிழல் தரையைப் பெருக்கிக்கொண்டே சுற்றுகிறது. கீழே மேயும் ஆடுகள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. 1986இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் சிறிதாகத் தொடங்கிய காற்றாலைத் திறன், தமிழகத்தில் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. புகையும் இல்லை, அள்ளிக் கொட்டச் சாம்பலும் இல்லை.

சரி, அந்தக் கரண்ட் யார் கணக்கில் ஏறுகிறது? பெரும்பாலும் எங்கோ இருக்கும் நூற்பாலை அல்லது கம்பெனியின் கணக்கில். நிலத்தை விற்றவருக்கு ஒருதடவை பணம், ஊர்ப் பையன்கள் சிலருக்கு வாட்ச்மேன் வேலை. அதோடு சரி.

எங்கோ காற்றாலை வைத்து, அதன் கரண்டைத் தங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்ளும் ஆலை முதலாளிகளின் இந்த வித்தையை ஓர் ஊராட்சியும் கற்றுக்கொண்டது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை. குடிநீர் மோட்டாருக்கான மின்கட்டணம் ஏறிக்கொண்டே போக, ஆர்.சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், 2006இல், ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை ரூ.1.55 கோடி. கையிருப்பு ரூ.40 லட்சம், மிச்சம் வங்கிக் கடன். ஊராட்சி அலுவலகம் ஒரு கோடிக்கு மேல் கடன் கேட்டுப் போனதே அன்றைக்குப் பெரிய துணிச்சல்தான். காற்றாலை நிற்பதோ ஓடந்துறையில் அல்ல, காற்று அள்ளி வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊருக்குத் தேவை 4.5 லட்சம். மீதியை மின்வாரியத்துக்கு விற்ற பணம் கடனை அடைக்கக் கைகொடுத்தது.

இவ்வளவு ஆண்டுகளுக்குப் பிறகும் உதாரணம் கேட்டால் ஓடந்துறையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது பெருமையா, வெட்கமா?

இப்போது ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நல்ல காற்றுள்ள இடங்களையெல்லாம் பிடித்து நிற்பவை பழைய, சின்னக் காற்றாலைகள். அவற்றை இறக்கிவிட்டுப் பெரியவற்றை நிறுத்த 2024இல் தமிழக அரசு கொள்கை வகுத்தது. அதே காற்றில் கூடுதலாக வரும் வருமானத்தில் ஊராட்சிக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. டென்மார்க்கில் 2009இல் சட்டமே அமலுக்கு வந்தது: புதிய காற்றாலையின் 20 சதவீதப் பங்கை, 4.5 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் வாங்க முதலில் வாய்ப்பளிக்க வேண்டும் என்று.

ஆகஸ்ட் 15 கிராமசபை கூடுவதும் நல்ல காற்று சீசனில்தான். காத்தாடி ஊர்கள் அன்றே தீர்மானம் போடலாம். நோட்டுப் பக்கம் பறக்காமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.