ஏழையின் மாட்டுக்குத் தடை, பணக்காரனின் கட்டிலுக்கு அனுமதி



டோஹாவில் வேலை செய்யும் என் பழைய மாணவன் ஒருவன் விடுமுறைக்குக் கென்யா போயிருந்தான். மசாய் மாராவிலிருந்து படங்கள் அனுப்பினான. பெயர் என்னவோ கூடாரம்தான். உள்ளே பெரிய கட்டில், கண்ணாடி வைத்த குளியலறை. முற்றத்தில் சின்னதாக ஒரு நீச்சல் தடாகம். அதற்கப்பால் ஆறு, ஆற்றுக்கப்பால் வரிக்குதிரைகள். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "சேர், எங்கட நாட்டிலயும் காட்டுக்குள்ள இப்பிடி நாலு கட்டினா டொலர் கொட்டும்."

நல்ல பிள்ளை. உழைத்த காசில் போயிருக்கிறான். அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் அந்த வரிக்கு வட்ஸ்அப்பில் இரண்டு சொல்லில் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

"ஸஃபாரி" என்ற சொல் சுவாஹிலி மொழியிலிருந்து உலகத்துக்குப் போனது. சுவாஹிலிக்கு அது வந்தது நமக்குத் தெரிந்த அரபுச் சொல்லான "ஸஃபர்" என்பதிலிருந்து. பயணம் என்று பொருள். பயணம் போகிறவன் முஸாஃபிர். போகிற ஊரில் ஒரு இரவு தங்குவான், மறுநாள் எழும்பிப் போவான். இன்று மாராவில் நடப்பது அந்த மாதிரிப் பயணம் இல்லை. முஸாஃபிரின் பெயரைச் சொல்லி முதலாளி குடியேறுகிறான்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். தன்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீற்றர். அதன் வடக்கு எல்லையில், கென்யாவின் நரோக் மாவட்டத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் மசாய் மாரா தேசிய ஒதுக்ககம். அது சுமார் 1,510 சதுர கிலோமீற்றர். செரெங்கெட்டியில் பத்தில் ஒரு பங்கு. நம் யாலையைப் போல ஒன்றரை மடங்குதான் வரும். ஆனால் வறண்ட மாதங்களில் தெற்கே புல் கருகும்போது, ஏறத்தாழ 13 இலட்சம் வில்டபீஸ்ட்களும் இலட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மான்களும் நம்பி வருவது இந்தப் பக்கத்துப் புல்லையும் மாரா ஆற்றுத் தண்ணீரையும்தான். ஜூலை முதல் ஒக்டோபர் வரை இந்தச் சின்னத் துண்டு நிலம் அவ்வளவு உயிர்களுக்கும் சோறு போடுகிறது. வாசல் சிறியது, வருகிற கூட்டம் பெரியது. அந்த வாசலில் கட்டிலைப் போட்டு மறித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க விலங்கியல் பட்டம் தேவையில்லை.

இதைக் கென்யாக்காரர்களே உணர்ந்திருக்கிறார்கள். 2023 முதல் 2032 வரையான மாரா முகாமைத்துவத் திட்டத்தில், ஒதுக்ககத்துக்குள் புதிய தங்குமிடங்கள் கட்டுவதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். மை காய்வதற்குள் என்ன நடந்தது? 2025 ஓகஸ்டில், செரெங்கெட்டி எல்லையை அண்டிய சாண்ட் ஆற்றங்கரையில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் ஒரு சொகுசு முகாம் திறக்கப்பட்டது. 20 கூடார அறைகள். ஒவ்வொன்றுக்கும் தனித் தடாகம். ஓர் இரவுக் கட்டணம் 3,500 டொலரிலிருந்து தொடங்குகிறது என்று செய்திகள் சொல்லின. எங்கள் காசில் பத்து இலட்சத்துக்கும் மேல். ஓர் ஆசிரியரின் வருடச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

மசாய் சமூகத்தைச் சேர்ந்த மெய்தாமெய் ஓலோல் தபாஷ் என்பவர், இது விலங்குகள் கடந்துபோகும் பாதையில் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி நரோக் நீதிமன்றத்துக்குப் போனார். கென்ய வனசீவராசிகள் சேவை அதை மறுத்தது. அது விலங்குகளின் பாதையில் இல்லை, முறையான அனுமதி இருக்கிறது என்றார்கள். வழக்கில் யார் வென்றார், யார் தோற்றார் என்பது என் பேச்சில்லை. அந்த 20 அறைகள் சரியாகப் பாதையின் மேல் இருக்கின்றனவா, நூறு மீற்றர் தள்ளி இருக்கின்றனவா என்பதும் இல்லை. புதிதாகக் கட்டுவதை நிறுத்துவோம் என்று எழுதிய திட்டம் கையில் இருக்கும்போதே புதிதாக ஒன்று எழும்புகிறதே, அந்த எழுத்துக்கு என்ன மதிப்பு? இதுதான் என் கேள்வி.

"20 அறைதானே சேர்" என்பான் என் மாணவன். ஒவ்வொரு விடுதிக்காரனும் அதைத்தான் சொல்கிறான். நான் 20, நீ 30, அவன் 12. ஒவ்வொருவரின் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் அவரவர் அறைகளை மட்டும்தான் எண்ணுகிறது. மொத்தக் கணக்கை யார் கூட்டுவது? ஒரு விடுதி என்றால் அறைகள் மட்டும் இல்லை. அறைகளுக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு. நிலத்தடி நீரை உறிஞ்சக் குழாய்க் கிணறு. கழிவுநீருக்குக் குழி. சமையலுக்கும் வெந்நீருக்கும் எரிபொருள். சாமான் லொறி. எல்லாவற்றுக்கும் மேல், விடிய ஆறு மணிக்கு அத்தனை விடுதியிலிருந்தும் ஒரே நேரத்தில் புறப்படும் ஜீப்புகள்.

அந்த ஜீப்புகள் என்ன செய்கின்றன என்பதற்குக் கணக்கே இருக்கிறது. மாராவில் சீட்டாக்களைப் பின்தொடர்ந்து செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. சுற்றுலா வாகனங்கள் குறைந்த பகுதிகளில் ஒரு தாய் ஒரு ஈற்றில் சராசரியாக இரண்டுக்கு மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்கியது. வாகனங்கள் நிறைந்த பகுதிகளில் அந்த எண்ணிக்கை வெறும் 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. சுட்டுக் கொல்லவில்லை, பொறி வைக்கவில்லை. சும்மா சுற்றி நின்று பார்த்தே கொல்கிறார்கள். பகலில் வேட்டையாடும் விலங்கு அது. இரை தேடும் நேரத்தில் வண்டிகள் சூழ்ந்து நின்றால் குட்டிக்குச் சாப்பாடு எங்கிருந்து வரும்?

2025 ஜூலையில் செரெங்கெட்டியின் வடக்கே எடுத்த ஒரு காணொளி உலகம் முழுக்கச் சுற்றியது. பார்த்திருப்பீர்கள். ஆற்றைக் கடக்க வந்த வில்டபீஸ்ட் கூட்டத்தின் முன்னால் ஜீப்பை விட்டு இறங்கிய மனிதக் கூட்டம், கையில் தொலைபேசியோடு. கடக்க வழியில்லாமல் மிருகம் தடுமாறுகிறது. எது காட்சி, எது மிருகம் என்றே அந்தப் படத்தில் தெரியவில்லை.

இதே ஒதுக்ககத்துக்குள் ஒரு மசாய் பொடியன் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? குற்றம். மாட்டைப் பிடிப்பார்கள், தண்டம் அறவிடுவார்கள். வறட்சிக் காலத்தில் வேறு வழியில்லாமல் இரவில் களவாக மேய்க்கிறார்கள். மாட்டுக்கூட்டம் பெருகினால் புல் தாங்காது என்பது நியாயமான பேச்சு. நான் மறுக்கவில்லை. ஆனால் புல்லுக்கு எல்லை உண்டு என்று மாட்டுக்காரனிடம் சொல்கிற வாய், தண்ணீருக்கும் அமைதிக்கும் எல்லை உண்டு என்று விடுதிக்காரனிடம் ஏன் சொல்வதில்லை?

அந்த மசாய்களின் வரலாறே ஒதுக்கப்பட்ட வரலாறுதான். 1904இலும் 1911இலும் ஒப்பந்தம் என்ற பெயரில் பிரித்தானியர் அவர்களை நல்ல மேய்ச்சல் நிலங்களிலிருந்து வெளியே தள்ளினார்கள். 1959இல் தன்சானியப் பக்கம் செரெங்கெட்டியை மனிதரில்லாத பூங்காவாக்க அவர்களை வெளியேற்றி, "இங்கே நீங்கள் வாழலாம்" என்று கொரொங்கோரோவைக் காட்டினார்கள். இப்போது அங்கேயும் சனம் கூடிவிட்டது என்று சொல்லி, 2022 முதல் அவர்களை அறுநூறு கிலோமீற்றர் தூரத்து ம்சொமேராவுக்கு அனுப்புகிறார்கள். போகிறவர் விரும்பித்தான் போகிறார் என்கிறது அரசு. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் பணம் குறைந்து, இருக்க முடியாமல் போன பிறகு வரும் விருப்பம் அது என்கிறார்கள் மசாய்கள். அதே கொரொங்கோரோவின் பள்ளத்துக்குள் மாடு இறங்கத் தடை. பள்ளத்தின் விளிம்பிலோ விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. ஜன்னலைத் திறந்தால் பள்ளம் தெரிய வேண்டுமாம்.

மேற்கு நாட்டு ஹோட்டல் என்றதும் நம்மில் பலர் தலையாட்டுவீர்கள். கொஞ்சம் நில்லுங்கள். செரெங்கெட்டிக்கு அருகே லொலியொண்டோ என்ற இடத்தில் 1992 முதல் வேட்டை உரிமை வைத்திருந்த நிறுவனம் எந்த நாட்டுக்காரருடையது? ஐக்கிய அரபு அமீரகத்துக்காரருடையது. 2022 ஜூனில் அங்கே 1,500 சதுர கிலோமீற்றர் மேய்ச்சல் நிலத்தை ஒதுக்க அரசு எல்லைக்கல் நட்டபோது மோதல் வெடித்தது. மசாய்கள் பலர் காயப்பட்டார்கள், பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார், எத்தனையோ குடும்பங்கள் எல்லை கடந்து கென்யாவுக்கு ஓடின. அதைப் பற்றி நம் பள்ளிவாசல்களில் ஒரு குத்பா கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. அநியாயம் செய்பவர் நம் மொழியில் ஸலாம் சொன்னால் அநியாயம் இல்லாமல் போய்விடுமா?

நம் மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. "ஹிமா" என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பொது நன்மைக்காகப் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலம். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் ஹுனை என்பவரை அப்படியொரு ஹிமாவுக்குப் பொறுப்பாக்கியபோது சொன்ன புத்திமதி ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அதன் சாரம் இதுதான்: சில ஒட்டகமும் சில ஆடும் மட்டும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடு. உஸ்மான், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் போன்ற வசதியானவர்களின் மந்தைகள் விஷயத்தில் கவனமாயிரு. அவர்களின் மிருகம் செத்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் பேரீச்ச மரமும் இருக்கிறது. ஏழையின் மிருகம் செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலுக்குத்தான் வருவான்.

யாருடைய பெயர்கள் என்று பார்த்தீர்களா? பெரிய ஸஹாபாக்கள். உமருக்கு நெருக்கமானவர்கள். அவர்களுக்கே அந்தச் சட்டம். நிலத்துக்கு எல்லை உண்டு என்றால், அந்த எல்லை முதலில் இருப்பவனைக் கட்டும், பிறகுதான் இல்லாதவனைக் கட்டும். மாராவிலும் கொரொங்கோரோவிலும் இது தலைகீழாக நடக்கிறது.

"சுற்றுலா இல்லாவிட்டால் அந்தக் காடே இருக்காது" என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. 1977இல் மாராப் பக்கத்தில் ஏறத்தாழ 1,19,000 வில்டபீஸ்ட்கள் இருந்தன. 1997இல் 22,000. அதற்குப் பெரிய காரணம் விடுதிகள் இல்லை. லொயிட்டா சமவெளியில் இயந்திரம் வைத்து விரிந்த கோதுமைப் பயிர்ச்செய்கைதான். மிருகத்தால் வருமானம் இல்லை என்றால் நிலம் கோதுமைக்குப் போகும், அல்லது வேலிக்குள் போகும். ஆகவே சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் வழி எப்படி என்பதையும் அதே மண்ணிலேயே காட்டியிருக்கிறார்கள். ஒதுக்ககத்துக்கு வெளியே நபொய்ஷோ, ஒலாரே மொட்டொரோகி போன்ற சமூகப் பாதுகாப்பு நிலங்கள் இருக்கின்றன. மசாய் குடும்பங்கள் தங்கள் காணிகளைச் சேர்த்துக் குத்தகைக்குக் கொடுக்கிறார்கள். காணிக்காரருக்குக் குத்தகைப் பணம் போகிறது. முறை வைத்து மாடும் மேய்கிறது. ஒலாரே மொட்டொரோகியில் 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மிருகத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. அங்கும் குறைகள் உண்டு. 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது குத்தகைப் பணமும் ஆட்டம் கண்டது. கட்டிலை மட்டும் நம்பி வாழ்வதன் ஆபத்தை அது காட்டியது. ஆனாலும் அங்கே எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு இருக்கிறது, காணிக்காரனுக்கு ஒரு பேச்சு இருக்கிறது. ஒதுக்ககத்துக்குள் இந்த இரண்டும்தான் இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்பீர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எங்கள் சனம், யுத்தம் முடிந்து மறிச்சுக்கட்டிப் பக்கம் திரும்பிப் போனபோது, இருபது வருடத்தில் காடு வளர்ந்துவிட்ட தங்கள் ஊருக்குள் நுழைந்ததற்கே "வில்பத்துவை அழிப்பவர்கள்" என்று பெயர் வாங்கினார்கள். காட்டை யார் அழித்தாலும் பிழை பிழைதான். அதில் நம்மவர், பிறத்தியார் இல்லை. ஆனால் காட்டின் பெயரைச் சொல்லி யாரை நோக்கி விரல் நீளுகிறது, யாரை நோக்கி நீளுவதில்லை என்பதைக் கவனிக்க அந்த அனுபவம் கற்றுத் தந்தது. அந்த விரலை ம்சொமேரா லொறியில் ஏறும் மசாய்க் கிழவியும் அறிவாள்.

ஆகவே தம்பி, உன் வரிக்கு என் பதில் இது. போ, பார், அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு ஸுப்ஹானல்லாஹ் சொல். ஆனால் அடுத்த முறை அறை பதிவு செய்யுமுன் மூன்று கேள்வி கேள். இந்த விடுதி ஒதுக்ககத்துக்கு உள்ளேயா, வெளியேயா? நிலம் யாருடையது, அவர்களுக்கு என்ன போகிறது? இந்த இடத்தில் எத்தனை கட்டில் என்று யாராவது வரம்பு வைத்திருக்கிறார்களா? பதில் சொல்லத் தயங்குகிற இடத்துக்குப் போகாதே. நம் நாட்டிலும் காட்டுக்குள் நாலு கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால், அவரிடமும் இதே மூன்றையும் கேள்.

நான் எழுதியதில் பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். "டொலர் வருகிறதே" என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த டொலர் யார் வீட்டுக்கு வருகிறது என்றும் சேர்த்து எழுதுங்கள்.