எந்தச் சொத்தில் பாதி?

இலங்கையின் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் கணவனை இழந்தவளுக்கு வடக்கின் தேசவழமைச் சட்டமும் பொருந்தாது, இந்தியாவின் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமும் பொருந்தாது. அவளுக்குப் பொதுச் சட்டமே. 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி, கணவன் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் சொத்தில் பாதி மனைவிக்கு. நல்ல சட்டம்தான். ஆனால் எந்தச் சொத்தில் பாதி? தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த லயன் காம்பரா, அதாவது தோட்ட வரிசை வீட்டு அறை, அவனுடையதே இல்லையே! 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்த பிறகுதான் தனி வீடு, ஏழு பேர்ச்சஸ் காணி என்ற பேச்சே வலுத்தது. பாதியைக் கேட்க, அவள் மனைவி என்பதும் உறுதியாக வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற கல்யாணமும் சட்டப்படி செல்லும். பதிவில்லாதவள்தான் அதை நிரூபிக்க அலைகிறாள். கொழுந்து பறித்துக் குடும்பத்தைத் தாங்கியவள் அவள். இனி எழுதும் ஒவ்வொரு காணி உறுதியிலும் கணவன், மனைவி இருவர் பெயரையும் எழுதுங்கள்.