ஓடோமீட்டர் என்னும் மூடநம்பிக்கை

ராபர்ட் பிர்சிக்கின் 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' 1974-இல் வெளிவந்தது. அன்றிலிருந்து இலக்கிய வாசகர்களாகிய நாம் அத்தலைப்பின் முதற்சொல்லை மட்டுமே வாசித்து வருகிறோம். ஸென் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுவோம். கடைசிச் சொல்லான பராமரிப்பை மெக்கானிக்கின் தலையில் கட்டிவிடுவோம். கேட்டால், அது உருவகமாம்!

அந்நூலிலேயே ஒரு காட்சி உண்டு. நண்பர் ஜானின் பி.எம்.டபிள்யூ. வண்டியில் ஹேண்டில்பார் பிடிமானமின்றி நழுவுகிறது. பியர் கேனிலிருந்து வெட்டிய தகட்டை இடையில் செருகினால் போதும் என்கிறார் கதைசொல்லி. உயர்ந்த வண்டிக்குப் பியர் கேனா என்று நண்பருக்கு மனம் ஒப்பவில்லை. நம்மில் பெரும்பாலோர் அந்த நண்பரின் கட்சி.

இந்த மனோபாவம் முழு வீச்சில் வெளிப்படும் இடம் பழைய வண்டிச் சந்தை. ஹோண்டா எஸ்.டி.1100-ஐ எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் 'பான் யூரோப்பியன்' என்ற பெயரில் 1990 முதல் விற்கப்பட்ட நெடும்பயண வண்டி. 1084 சி.சி. வி-4 எஞ்சின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட், 28 லிட்டர் டேங்க். பிரிட்டனில் அதைத் தேடுவோரின் கண் முதலில் போவது ஓடோமீட்டருக்கு. இருபது ஆண்டுகள் கொட்டகையில் நின்ற வண்டி 'புதிது போல' என்று கூடுதல் விலை பெறுகிறது. இதைவிட அபத்தம் வேறில்லை.

நிற்கும் வண்டிக்கும் வயதாகிறது. தேங்கிய பெட்ரோல் பிசினாகி நான்கு கார்புரேட்டர்களின் நுண்துளைகளையும் அடைக்கிறது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சுகிறது; ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். டயர் தேயாமலே இறுகி வெடிப்பு விடுகிறது. அதன் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் பொய் சொல்லா: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்தது. டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான்; அதற்கும் வயது உண்டு.

அதிகம் ஓடிய வண்டி தேயாதா என்று கேட்கலாம். தேயும். ஆனால் பேரிங்கும் பிரேக் பட்டையும் மாற்றக்கூடியவை. மாற்றியதற்கு ரசீதும் இருக்கும். பின்சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் ஷாஃப்ட்டோடு இணையும் பற்களுக்கு மாலிப்டினம் கிரீஸ் தடவிய உரிமையாளரிடமிருந்து, லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைத் தயங்காமல் வாங்கலாம் என்பதே நம் கட்சி.

பிரதியின் மௌனங்களை வாசிப்பதாகப் பெருமை பேசுகிறோமே, இதோ ஒரு பிரதி. பிரிட்டனில் மூன்று ஆண்டு கடந்த மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனை உண்டு. பதிவெண்ணைத் தந்தால் 2005 முதலான முடிவுகளை அரசே இலவசமாகக் காட்டுகிறது: எத்தனை மைல், எதில் தோல்வி, எதற்கு எச்சரிக்கை. ஒரே எச்சரிக்கை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்திருந்தால், வண்டியை மட்டுமல்ல, அதன் உரிமையாளரையும் நாம் வாசித்துவிட்டோம்.

1968-இல் பிர்சிக் ஓட்டிச் சென்ற ஹோண்டா இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அது இனி எங்கும் ஓட வேண்டியதில்லை. சாலைக்கு இறங்கும் வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே நண்பர்களே, ஸென் சற்றுக் காத்திருக்கட்டும். முதலில் பிரேக் திரவத்தின் நிறத்தைப் பார்ப்போம்.