மழைக்கு அஞ்சும் பாவைகள்

கொல்லிமலை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு இரண்டு சங்கதிகள் நினைவுக்கு வரும். ஒன்று, கொல்லிப் பாவை. தெய்வத்தால் ஆக்கப்பட்ட அந்தப் பாவை, காற்று மோதினாலும் மழை அறைந்தாலும் நிலமே அதிர்ந்தாலும் தன் அழகு குன்றாது என்று சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். மற்றொன்று, அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி. கூத்தும் பாட்டுமாக வந்த ஒரு கூட்டத்தார் காட்டிலே வேடன் ஒருவனைச் சந்தித்தார்கள். அவன் வேட்டையாடிய இறைச்சியையும் பொன்னையும் அவர்களுக்கு அள்ளிக் கொடுத்தான்.  அந்த வேடன்தான் ஓரி என்பதைப் புறநானூற்றில் வன்பரணர் பாட்டின் மூலம் நாம் அறிகிறோம்.

அந்த வள்ளலின் பெயரால் ஆண்டுதோறும் ஆடி மாதம் 17, 18 தேதிகளில் செம்மேட்டில் அரசாங்கத்தார் விழா நடத்துகிறார்கள். சென்ற ஆடியில் நாமும் குடும்ப சகிதமாக அந்த விழாவுக்குப் போயிருந்தோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கடப்பதற்குள் குழந்தைகளுக்குத் தலை சுற்றிவிட்டது. மேலே போனதும் குளிர்ந்த காற்றும், மிளகுக் கொடி படர்ந்த மரங்களும், பலாப்பழ வாசனையும் எல்லாச் சிரமத்தையும் மறக்கச் செய்தன. மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, கலை நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் பார்த்தோம். ஆனால் இந்த வாரம் நாம் எழுத வந்தது அவற்றைப் பற்றியல்ல. அரங்குகளின் வரிசைக்கு அப்பால், சாலையோரத்தில், இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவே கயிறு கட்டிப் படங்களைத் தொங்கவிட்டிருந்த ஒரு சித்திரக்காரரைப் பற்றி.

அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். தலைக்கு மேலே நீல நிறத் தார்ப்பாய். எதிரே ஒரு முக்காலி. முக்காலியில் யாராவது உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் பென்சிலால் முகத்தை வரைந்து கொடுப்பார். கூலி 150 ரூபாய். பக்கத்துப் பலகையில் அஞ்சலட்டை அளவில் சிறு வர்ணப் படங்கள். ஒன்று 30 ரூபாய். கயிற்றிலே பெரிய படங்கள் ஏழெட்டு. அவற்றில் ஒன்று நம்மை நிறுத்திவிட்டது. மலைச் சரிவில் படிப்படியாக இறங்கும் சாமை வயல், அதன் ஓரத்தில் தனியாக ஒரு பலா மரம், அப்பால் பனி. வேறொன்றும் இல்லை. ஆயினும் அன்று காலை வண்டியிலிருந்து நாம் பார்த்தும் பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்று அதில் இருந்தது.

விலை கேட்டோம். "1,200 ரூபாய், ஸார்" என்றார்.

நாம் உபாத்தியாயர் அல்லவா? கத்தரிக்காய்க் கடையில் பழகிய நாக்கு உடனே, "500-க்குக் கொடுங்களேன். காகிதமும் வர்ணமும் என்ன விலையாகிவிடும்?" என்று கேட்டுவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தபடி, "கட்டாது, ஸார்" என்றார். நமது மூத்த பையன் கைபேசியை எடுத்து அந்தப் படத்தை ஒரு படம் பிடித்துக்கொண்டான். "இதுவே போதும், அப்பா" என்றான். அதையும் சித்திரக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாம் நகர்ந்துவிட்டோம்.

பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டது. ஜனங்கள் அரங்குகளுக்குள் ஓடினார்கள். நாமும் ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டோம். எதிரே அந்த மனிதர் தெரிந்தார். தமது சட்டை நனைவதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கயிற்றிலிருந்து ஒவ்வொரு படமாக அவிழ்த்து, பிளாஸ்டிக் உறையில் இட்டு, பெட்டியில் வைத்து, பெட்டியின் மேல் தாமே கவிந்து உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் காற்று ஒரு வீச்சு வீசியதில் இரண்டு படங்கள் சேற்றில் விழுந்துவிட்டன. நீர்வர்ணப் படம் ஈரத்தில் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிப் பாவைக்கு மழையினால் பயமில்லை. இந்தப் பாவைகளோ ஒரு தூற்றலுக்கும் ஆற்றாதவை என்று அப்போது நமக்குத் தோன்றியது.

அன்றிரவு நமது இல்லாள், "அந்தப் பலா மரத்துப் படத்தை வாங்கியிருக்கலாம்" என்று சொன்னாள். வரும் வழியில் வாங்கிய பொம்மைத் துப்பாக்கிக்கு 400 ரூபாய் கொடுத்ததை அவள் சொல்லிக் காட்டவில்லை. சொல்லாமலே நமக்கு உறைத்தது.

மறுநாள் மாலை போனோம். படத்தைக் காணோம். சேற்றில் விழுந்ததோ என்று பதைத்தோம்.

"இல்லை, ஸார், விற்றுப்போயிற்று. இந்த மலைக்காரர், வயதானவர். வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். 'எங்கள் வயல் ஓரத்தில் இப்படித்தான் ஒரு மரம் நின்றது' என்றார். மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணிக் கொடுத்தார். பேரம் பேசவில்லை."

"யார் அவர்? என்ன பெயர்?"

"நானும் கேட்டேன், ஸார். மழை வருவதற்குள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்."

நாம் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, அவருடைய ஜீவனத்தைப் பற்றி விசாரித்தோம். நாம் கணக்கு வாத்தியார் என்று தெரிந்ததும் அவரே இரண்டு நாள் வரவு செலவைச் சொன்னார். முகச் சித்திரம் 14. அதில் வரவு 2,100 ரூபாய். சிறு படம் 22, அதில் 660. பெரிய படம் ஒன்றே ஒன்று, 1,200. ஆக மொத்தம் 3,960. இதில் சேலத்துக்கு அருகிலுள்ள தமது ஊரிலிருந்து வந்து போகவும், மூட்டைக்கும் 450. சாப்பாடு, தங்கல் 800. காகிதம், வர்ணம், அட்டை 750. செலவு 2,000 போக மிச்சம் 1,960. நனைந்து போன இரண்டு படங்களை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. "விற்றால்தானே, ஸார், அது பணம்?" என்றார்.

இந்த 1,960 ரூபாய் இரண்டு நாள் சம்பாத்தியம் அன்று. விழாவும் பிரயாணமும் சேர்ந்து மூன்று நாள். பெரிய படத்தைத் தீட்டியது ஐந்து நாள். சிறு படங்களுக்கு இரண்டு நாள். ஆக, பத்து நாள். வகுத்துப் பார்த்தால் நாள் ஒன்றுக்கு 196 ரூபாய். நாம் கேட்டபடி அந்தப் படத்தை 500-க்குக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாளொன்றுக்கு 126 ரூபாய். இந்தக் கணக்கை நாம் எந்தப் பாட புஸ்தகத்திலும் கண்டதில்லை.

"வருஷம் முழுவதும் இப்படித்தானா?" என்று கேட்டோம். இல்லையாம். தைக்கு முன்னால் பெங்களூருக்குப் போவாராம். அங்கே கர்நாடக சித்திரகலா பரிஷத்தார் 2004 முதல் 'சித்திர சந்தை' நடத்தி வருகிறார்கள். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலை முழுவதும் வண்டிகள் நின்றுபோய்ச் சித்திரங்கள் குடியேறும். பல மாகாணங்களிலிருந்தும் ஏறக்குறைய 1,500 ஓவியர்கள் வருகிறார்கள். நூறு ரூபாய்ப் படமும் உண்டு. லட்ச ரூபாய்ப் படமும் உண்டு. இடம் வேண்டுமானால் முன்கூட்டியே விண்ணப்பம் செய்து, தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். "அங்கே ஒரு நாளில் விற்பது இங்கே ஒரு வருஷத்தில் விற்காது. ஆனால் அங்கே யாரும் என் மலையை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள்" என்றார்.

தெருவிலே படம் விற்பதை நம்மில் பலர் ஒரு குறைவாக நினைக்கிறோம். மேல் நாடுகளில் அப்படியில்லை. பாரிஸ் நகரத்து மோன்மார்த்ரே குன்றின் மேல் ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்கே ஓவியருக்கு நகரசபையார் அளந்து விடும் இடம் ஒரு சதுர மீட்டர். அதையும் இருவர் முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கத்தைச் சுற்றி நடைபெறும் வெளிப்புறச் சித்திரக் கண்காட்சி, 1930-களின் தொடக்கத்தில், பொருளாதார மந்தம் உலகத்தை வாட்டிய காலத்தில் தோன்றியது. ஜாக்ஸன் போலக் என்ற இளைஞர் வாடகைக்கு வழியின்றித் தம் படங்களை நடைபாதையில் சாய்த்து வைத்ததிலிருந்தே அது ஆரம்பமாயிற்று என்று சொல்வார்கள். பிற்காலத்தில் அவர் படங்கள் கோடிக்கணக்கில் விலை போயின. அன்று அந்த நடைபாதையில் பேரம் பேசியவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ!

நமது தேசத்துக்கும் இது புதிதல்ல. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் கல்கத்தாவின் காளிகட்டத்துக் கோயில் வாசலில் சித்திரக்காரர்கள் உட்கார்ந்து, வேகமான தூரிகையால் படம் எழுதி யாத்திரிகர்களுக்குச் சொற்பக் காசுக்கு விற்றார்கள். ஏழை வீட்டுச் சுவரிலும் மனிதக் கை எழுதிய சித்திரம் இருந்தது. பிறகு மலிவான அச்சுப் படங்கள் வந்தன. அவற்றோடு போட்டியிட முடியாமல் அந்தத் தொழில் நசித்தது. இன்று நம் வீடுகளில் இருப்பதெல்லாம் மளிகைக் கடையார் இலவசமாகக் கொடுத்த காலண்டர்தானே? அச்சுப் படத்தை நாம் இகழவில்லை. ஆனால் அதுவே போதும் என்று இருந்துவிட்டால், எழுதும் கை என்ன செய்யும்?

இன்னொரு விஷயம். அந்த முகச் சித்திரங்களைப் பார்த்து, 'இதெல்லாம் கலையா? வயிற்றுப் பிழைப்பு' என்று சிலர் சொல்லக் கேட்டோம். வயிற்றுப் பிழைப்புத்தான். அதனால் என்ன? இதே நாமக்கல் சீமையைச் சேர்ந்தவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. 1930-இல் ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யத்துக்கு நடந்த உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்களுக்கு வழிநடைப் பாட்டு எழுதிக் கொடுத்தவர். 1949-இல் சென்னை ராஜ்யத்தின் அரசவைக் கவிஞரானவர். அவரே முதலில் பிறருடைய உருவப் படங்களை எழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஓவியர்தாம். 1966-இல் சென்னைக்கு அருகே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் கே. சி. எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோதும் இந்த வழியைத்தான் மேற்கொண்டார்கள். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அன்றாடச் செலவைச் சமாளித்தார்கள். மீதிப் பொழுதில், யாரையும் அண்டி நிற்காமல், தம் மனத்துக்குப் பிடித்ததைத் தீட்டினார்கள். நமது கொல்லிமலை நண்பரும் அப்படித்தான். பதினான்கு முகங்கள் சேர்ந்து ஒரு பலா மரத்துக்குச் சோறு போடுகின்றன.

ஓரியைப் போன்ற வள்ளல்கள் இன்று இல்லை. அவர்கள் இருந்த இடத்தில் இப்போது இருப்பவர்கள் மாதச் சம்பளம் வாங்கும் நம் போன்ற குடும்பஸ்தர்களே. இந்தப் பொறுப்பு நம் தலையில் விழுந்திருப்பது நமக்கே தெரியவில்லை. ஆண்டுக்கு ஒரு படம் வாங்கினால் நாம் ஏழையாகிவிட மாட்டோம். அதை நாம் தர்மமாகச் செய்ய வேண்டியதில்லை. தச்சருக்கும் தையற்காரருக்கும் கொடுப்பது போலக் கூலியாகக் கொடுத்தால் போதும். வாங்க இயலாவிட்டால் பேரம் பேசாமலாவது இருக்கலாம். படத்தைப் படம் பிடிக்குமுன் ஒரு வார்த்தை கேட்கலாம்.

கடைசியாக ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு இந்த வாரத்தை முடிக்கிறோம். பரீக்ஷை நெருங்கும்போதெல்லாம் சித்திர வகுப்பு மணியை வாங்கிக் கணக்கு நடத்துவது நமது வெகு நாளைய வழக்கம். சித்திர உபாத்தியாயர் ஒருநாளும் மறுத்ததில்லை. அமைதியாக எழுந்து போவார். கொல்லிமலையிலிருந்து திரும்பிய பிறகு அவரிடம் போய், இனி அந்த மணியை நாம் கேட்பதில்லை என்று சொன்னோம். அவர் நம்பினாரோ என்னவோ, "பார்க்கலாம்" என்றார். அவருடைய சந்தேகம் நியாயமே. மார்ச் மாதம் வந்தால் தெரியும்.

அன்று மாலை கயிற்றில் மிஞ்சியிருந்த படங்களில் ஒன்றை, ஆகாய கங்கை அருவிக்குப் போகும் படிக்கட்டுகளைத் தீட்டிய படத்தை, அவர் சொன்ன விலைக்கே வாங்கி வந்தோம். அதன் மூலையில் ஒரு மழைத்துளி விழுந்து வர்ணம் சற்றே கரைந்திருக்கிறது. அதற்காக விலையைக் குறைப்பதாக அவர் சொன்னார். நாம் வேண்டாமென்று சொல்லிவிட்டோம். கூடத்தில் காலண்டர் மாட்டியிருந்த ஆணியில் இப்போது அதுதான் தொங்குகிறது. தேதி தெரியவில்லையே என்று நமது தாயார் குறைப்பட்டுக்கொண்டார்கள். காலண்டரைச் சமையலறைக்கு மாற்றியிருக்கிறோம்.