விருந்தாளிக்குப் பசுமை, நமக்கு லயமா?



கட்டுகஸ்தோட்டையிலிருந்து நமது மலைகளுக்கு ஏறும் பாதை எதிலும் இப்போது ஒரு புது மாதிரி விடுதியைப் பார்க்கலாம். மண் சுவர், மூங்கில் கூரை, மழைநீர்த் தொட்டி, ஏசி இல்லாத அறை, விறகடுப்புச் சோறு. ‘சுற்றாடல் நேய ஓய்வு விடுதி’ என்று பெயர். சில இடங்களில் ஓர் இரவுக்குக் கேட்கும் பணம் நம் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும்.

ஏசி இல்லாமல், விறகு பொறுக்கிச் சமைத்து, பீலித் தண்ணீரில் குளித்து நாம் நூற்றைம்பது வருடமாக இந்த மலையில் இருக்கிறோம். நமக்கு யாரும் பசுமை விருது தரவில்லை!

நமக்கு விடுதிகள் மீது பகை இல்லை. அங்கே கட்டில் விரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் நம் பிள்ளைகள்தான். கந்தப்பளை ஹெதர்செட் தேயிலை ஸ்டோரை இடித்துத் தள்ளாமல் 1996இல் ஹோட்டலாக மாற்றினார்கள். நல்ல வேலை என்றே சொல்வோம். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றியிருந்த துரை பங்களாக்களையும் புதுக்கி வெளிநாட்டவருக்குக் கொடுத்தார்கள். ஸ்டோருக்கு மறுபிறவி கிடைத்தது, பங்களாவுக்கும் கிடைத்தது. அந்த ஸ்டோருக்குக் கொழுந்து சுமந்தவர்கள் இருந்த 10க்கு 12 அடிக் காம்பராவுக்கு மட்டும் என்ன கிடைத்தது? ஓட்டைத் தகரத்துக்கு மேல் இன்னொரு தகரம்.

‘மலைச்சரிவில் மலிவாகவும் நிலைபேறாகவும் வீடு கட்டுவது கஷ்டம், தொழிலாளிக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது’ என்கிறார்கள் சில கனவான்கள். அவர்களைக் கட்டுகஸ்தோட்டைக்குப் பக்கத்தில் உள்ள வட்டபுலுவவுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

அங்கே 1958ஆம் ஆண்டளவில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட திட்டம் ஒன்று எழுந்தது. அதை அமைத்தவர் கண்டியில் பிறந்த மினெட் டி சில்வா, இலங்கையின் முதல் பெண் கட்டடக் கலைஞர். வீடு விருந்தாளிக்கல்ல, அரசாங்க ஊழியர்களுக்கு. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் குடியேறினார்கள். மினெட் அம்மையார் படம் வரைவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். குடிவரப் போகிறவர்களிடம் கேள்விப் பத்திரம் கொடுத்து, குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வருமானம், எப்படிப் புழங்குகிறீர்கள் என்று கேட்டார். பதிலைப் பார்த்துப் பல மாதிரி வீடுகளை வரைந்தார். மலையை வெட்டி மட்டமாக்காமல் அதன் சாய்வுக்கு ஏற்ப வீடுகளை வைத்தார். மண்ணை இடித்துச் சுவர் எழுப்பும் முறையையும் தன் வேலையில் சோதித்துப் பார்த்தார். இன்றைய விடுதிக்காரர் புதுமை என்று விற்கும் அறிவு, அறுபது வருடத்துக்கு முன்னமே சாதாரண உத்தியோகத்தர்களுக்குக் கிடைத்துவிட்டது. நமக்கு ஒரு பஸ் தூரத்தில்தான்.

இதில் நம் பெண்கள் அறிய வேண்டிய இன்னொன்றும் உண்டு. மினெட்டின் தாய் அக்னஸ் டி சில்வா, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன் போனவர். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்குமா என்று அங்கே கேட்டார்கள். அவர்களும் பெண்கள்தான், எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். 1931இல் வந்த அந்த உரிமையை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாம் எப்படி இழந்தோம் என்பது உங்கள் பாட்டிமாருக்குத் தெரியும்.

இப்போது நமக்குக் கட்டித் தரும் வீடுகளைப் பார்ப்போம். ஒரு துண்டுக் காணி, 550 சதுர அடி வீடு. லயத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை வரைந்தபோது எந்தத் தோட்டத்துப் பெண்ணிடம் அடுப்பு எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டார்கள்? புது வீட்டுக்குப் போன பலர் பின்பக்கம் தகரம் சாத்தி விறகடுப்புப் போட்டிருக்கிறார்கள். கேஸ் விலைக்கு வேறென்ன செய்வது? ‘லயத்தை விட்டு வர இவர்களுக்கே மனமில்லை’ என்று தோட்ட நிர்வாகங்கள் குறை சொல்கின்றன. கோயில், பீலி, பிள்ளைக் காம்பரா எல்லாவற்றையும் விட்டு, கையில் உறுதியும் இல்லாமல் ஒரு மேட்டுக்குப் போ என்றால் யாருக்குத்தான் மனம் வரும்?

மலையைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். கான் வெட்டியது நம் ஆட்கள். மழைத்தண்ணீர் எங்கே இறங்கும், எந்த மேடு ஊறும் என்று மலைக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆள் குறைத்து, கான் வெட்டுவதை நிறுத்தி, மலையைக் காடாக விட்டது நாம் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடம் ஆபத்து என்று எச்சரித்திருந்தது. மாற்று இடமும் வீடும் கொடுக்காமல் எழும்பிப் போ என்றால் எங்கே போவது? தப்பியவர்கள் மகல்தெனியவில் பழைய தேயிலை ஸ்டோர் ஒன்றில் அகதிகளாக இருந்தார்கள். வீடு கைக்கு வந்தது 2016இல். ஒரு ஸ்டோர் ஹோட்டல், இன்னொரு ஸ்டோர் அகதி முகாம். 2025 நவம்பரில் டித்வா புயலோடு நம் கண்டி மாவட்டத்து மலைகளும் சரிந்து எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோயின என்பதை நான் எழுதத் தேவையில்லை.

கண்டி மாவட்டத்தில் பல தோட்டங்கள் இன்னும் ஜனவசமவிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் இருக்கின்றன. கம்பனி விடவில்லை என்று அரசாங்கம் கை காட்ட இங்கே வழியில்லை. காணியும் அரசாங்கத்துடையது, நிர்வாகமும் அரசாங்கத்துடையது. தோட்டக் காணியில் விடுதிக்கு ஒரு துண்டு அளக்க வருபவர்களிடம், அதற்கு முன் நமக்கு அளந்த துண்டு எங்கே, உறுதி எங்கே என்று கேளுங்கள்.

தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் சங்கத் தலைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வீட்டுத் திட்டம் உங்கள் தோட்டத்துக்கு வரும்போது, மண்சரிவு வரைபடத்தையும் வீட்டுப் படத்தையும் தமிழில் பிரட்டுக்களத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கேள்விப் பத்திரம் ஒன்றும் கேளுங்கள், வட்டபுலுவவில் கொடுத்தது போல. பெண்கள் அதைப் பார்த்துப் பேசி முடிக்கும் வரை யாரும் கையொப்பம் வைக்க வேண்டாம்.