ஜரிகை வரலைன்னா என்ன ஆகும்? சிறு நிறுவனங்களுக்கு காஞ்சிபுரம் தரும் எச்சரிக்கை

2020 மார்ச் 25. நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கிய நாள். காஞ்சிபுரம் பட்டுக்கு அதைவிட மோசமான நேரம் இருந்திருக்க முடியாது. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கான சேலைகளில் பாதி கடை அலமாரியில், மீதி தறியில். கல்யாணங்கள் தள்ளிப்போயின, மண்டபங்கள் மூடின. கர்நாடகத்தில் இருந்து வரும் பட்டு நூலும் சூரத்தில் இருந்து வரும் ஜரிகையும் வழியிலேயே நின்றன.

கொரோனா போய்விட்டது. ஆனால் அது கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. பத்து, இருபது பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனம், திடீரென்று எல்லாம் நின்றால் எத்தனை நாள் தாங்கும்?

பிசினஸ் கன்டினியூட்டி பிளான் என்றால் என்ன?

தமிழில் 'தொழில் தொடர்ச்சித் திட்டம்' எனலாம். பெரிய வங்கிகள், ஐ.டி நிறுவனங்கள் இதற்கென்று தனிக் குழுவே வைத்திருக்கும். ஐ.எஸ்.ஓ 22301 என்ற சர்வதேசத் தரநிலையும் 2012 முதல் உள்ளது.

சின்ன நிறுவனத்துக்கு அவ்வளவு தேவையில்லை. மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருந்தால் போதும். எது நின்றால் தொழில் நிற்கும்? அது இல்லாமல் எத்தனை நாள் ஓட்டலாம்? நின்ற அன்று யார், என்ன செய்ய வேண்டும்?

பட்டுத் தொழிலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் காலண்டரிலேயே இருக்கிறது. முகூர்த்த தேதியைக் கடைக்காரருக்காக யாரும் தள்ளிவைக்க மாட்டார்கள். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலை நெய்ய பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். ஜாக்கெட் தைக்கும் நாட்களையும் கழித்துப் பார்த்தால், கையில் மிஞ்சும் அவகாசம் ரொம்பக் குறைவு.

வேறு ஊரில் நெய்து கொடுக்க முடியாதா?

சென்னை அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தால் ஐ.டி நிறுவனம் வேலையை பெங்களூருக்கு மாற்றிவிடும். காஞ்சிபுரத்துக்கு அந்த வசதி இல்லை. 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற காஞ்சிபுரம் பட்டின் பெயரே ஊரோடு கட்டப்பட்டது. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் வரும் கோர்வைச் சேலையை மூன்று நாடா போட்டு நெய்ய வேண்டும். பழகிய கை வேண்டும். பக்கத்தில் கரை நாடா தள்ள இன்னொரு ஆளும் வேண்டும்.

அதனால் இங்கே மாற்று ஏற்பாட்டை ஊருக்குள்ளேயே தேட வேண்டும். ஜரிகைக்கு ஒரே வியாபாரியை நம்பாமல் இரண்டாவது ஆளிடமும் கணக்கு வைத்திருப்பது, சாயப்பட்டறை ஒன்று நின்றால் இன்னொன்று, அவசரத்துக்கு ஒரு பாவு நூல் கையிருப்பு. முதலில் எழுத வேண்டியது இந்தப் பட்டியல்தான்.

சரக்கு ஒரு வீட்டில், பாலிசி இன்னொரு முகவரியில்

காஞ்சிபுரத்தில் பல தறிகள் நெசவாளர் வீட்டிலேயே இருக்கின்றன. நூலும் ஜரிகையும் கொடுப்பது முதலாளி அல்லது கூட்டுறவு சங்கம். குழித்தறி என்றால் மழைத் தண்ணீர் முதலில் இறங்குவதும் அந்தக் குழியில்தான். 2015 நவம்பர், டிசம்பர் மழையில் காஞ்சிபுரம் மாவட்டம் பட்ட பாடு பலருக்கும் நினைவிருக்கும்.

ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை சொத்துள்ள தொழில்களுக்காக 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடங்கும். ஆனால் பாலிசியில் கடை முகவரி மட்டும் இருந்து, சரக்கு இருபது வீட்டுத் தறிகளில் இருந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும். தறி இருக்கும் முகவரிகளையும் சேர்க்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்பது நல்லது. கடை மூடியிருந்த நாட்களின் லாப இழப்புக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும்.

விலையும் ஒரு பேரிடர்தான்

ஜரிகையில் வெள்ளியும் தங்கமும் இருக்கின்றன. 2020 தொடக்கத்தில் சவரன் 30 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2025-ல் 80 ஆயிரத்தைத் தாண்டியது. தை மாதம் விலை பேசி ஆர்டர் எடுத்து, வைகாசியில் டெலிவரி கொடுப்பவருக்கு நடுவில் ஏறிய விலை முழுவதும் நஷ்டம். அட்வான்ஸ் வாங்கிய அன்றே அந்த ஆர்டருக்கான ஜரிகையை வாங்கிவிடலாம். அல்லது இத்தனை நாளுக்குத்தான் இந்த விலை என்று பில்லிலேயே எழுதலாம்.

பணம் முடங்குவதும் இதே கணக்குதான். உற்பத்தி செய்யும் குறு, சிறு நிறுவனங்கள் உத்யம் பதிவு செய்திருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது சட்டம். கெடு தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்கியவர் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும்.

எல்லாம் ஓனர் போனில்

வங்கி ஓ.டி.பி, வாட்ஸ்அப் ஆர்டர், ஜி.எஸ்.டி பாஸ்வேர்டு, டிசைன் படங்கள். பல சிறு நிறுவனங்களில் இவை எல்லாம் ஒரே ஒருவர் கையில் இருக்கும் போனில். அந்த போன் தொலைந்தால், அல்லது அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால், கடை திறந்திருந்தும் தொழில் நின்றுவிடும். வங்கிக் கணக்கில் கையெழுத்து உரிமையுள்ள இரண்டாவது நபர், டிசைன் ஃபைல்களுக்கு வேறு இடத்தில் ஒரு நகல், தாளில் எழுதிய போன் நம்பர் பட்டியல். இதற்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930 என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவைக்கலாம்.

திட்டத்தில் விடுபடும் ஒருவர்

நூல் தாமதமானால் வாங்கலாம், டிசைனைத் திரும்ப வரையலாம். போன நெசவாளரைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். 2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர்கள், 2019-20-ல் 35.22 லட்சமாகக் குறைந்தனர். கொரோனாவுக்கு முன்பே நிலைமை இதுதான். ஒரு மணி நேரப் பயணத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் மாதச் சம்பளத்தோடு இருக்கின்றன. நெசவாளருக்குக் கூலி சேலைக்கு இவ்வளவு என்றுதான். தறி நின்றால் அன்றே வருமானமும் நிற்கும். இரண்டு மாதம் சும்மா உட்கார்ந்தவர் மூன்றாவது மாதம் வேறு வேலை தேடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே தொழில் தொடர்ச்சித் திட்டத்தில் முதல் செலவுக் கணக்கு கடை வாடகை அல்ல, தறி நிற்கும் வாரங்களுக்கான கூலி முன்பணம். நல்ல சீசனில் ஒவ்வொரு சேலைக்கும் ஒரு சிறு தொகையை இதற்கென்று தனியாகப் போட்டு வந்தால், சில வாரங்களைத் தாங்கும் நிதி சேரும்.

ஆடி மாதம் கல்யாண வியாபாரம் மந்தமாக இருக்கும். திட்டத்தை எழுதவும், ஒரு நாள் ஓனர் இல்லாமல் கடையை நடத்திப் பார்த்து எது தடுக்கிறது என்று குறித்துக்கொள்ளவும் தோதான நேரம் அதுதான். ஆவணியில் ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டால், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று அந்த நோட்டு மறுபடியும் டிராயருக்குள் போய்விடும்.